பொறியாளர் விருதுக்கான பரிந்துரைகளும் ஆண்டிதழுக்கான கட்டுரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டப் பொறியாளர்களின் மன்றமாகிய நாங்கள், மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15ஆம் நாளைப் பொறியாளர் நாளாகக் கொண்டாடி, அன்று விருதுகளை வழங்கி, ஆண்டிதழையும் வெளியிடுகிறோம். விருதுக்கு உரியவர்களைப் பரிந்துரைக்கவும் இதழுக்குக் கட்டுரை எழுதவும் விடுத்த அழைப்பைக் கண்டு பலர் கேட்ட கேள்விகளுக்கு விருதுக் குழுவின் சார்பிலும் இதழ்க் குழுவின் சார்பிலும் இங்கே விடை அளிக்கிறோம்.

இந்த அழைப்பு யாருக்கு? மன்ற உறுப்பினராக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மின் வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், ரயில்வே, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றில் பணிபுரிவோர், ஓய்வு பெற்றோர், கல்லூரி ஆசிரியர்கள், தனியார் நிறுவனப் பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள் என இத்தொழிலில் உள்ள எவரும் பரிந்துரைக்கலாம், எழுதலாம். பாசன சங்கங்களும் மீனவர் அமைப்புகளும் ஊராட்சிகளும் கூடப் பரிந்துரைக்கலாம். ஒரு மதகு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை வாய்க்காலின் கடைசி முனையான கடைவரம்பில் வயல் வைத்திருப்பவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பதால், அத்தகைய பரிந்துரைகளை நாங்கள் தனி அக்கறையோடு படிக்கிறோம். பரிந்துரைப்பவர் பொறியாளர் அல்லாதவராக இருந்தால், பணியின் தொழில்நுட்பப் பகுதியை உறுதிப்படுத்தும் பொறியாளர் ஒருவரின் குறிப்பையும் இணைத்து அனுப்ப வேண்டும்.

விருதும் இதழும் வெவ்வேறு வேலைகள் அல்லவா? ஏன் ஒரே அழைப்பு?

இரண்டுக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: ஒரு வேலை எப்படிச் செய்யப்பட்டது, ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்ற எழுத்துப் பதிவு. எந்தப் பணிக்கும் எஸ்டிமேட் இருக்கும், அளவுப் புத்தகம் இருக்கும், பில் இருக்கும். ஆனால் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தபோது பொறியாளர் மனத்தில் என்ன கணக்கு ஓடியது என்பது அவரோடு ஓய்வு பெற்றுவிடுகிறது. 1960களில் பரளியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் காண வருகிற பயணிகள், 28 தூண்கள் என்றும் நூறடிக்கு மேல் உயரம் என்றும் கேட்டறிந்து செல்கிறார்கள். தண்ணீரைப் பள்ளத்தில் குழாய் வழியே இறக்கி மறுபக்கம் ஏற்றுவதா, குன்றிலிருந்து குன்றுக்கு அதே மட்டத்தில் தொட்டியாகவே கொண்டுசெல்வதா என்ற வினா எந்தப் பொறியாளருக்கும் அந்த இடத்தில் எழும். அதற்கான விடையை ஒரு மாணவர் எளிதில் எடுத்துப் படிக்கும் நிலையில் நாம் வைத்திருக்கவில்லை என்பதே எங்கள் குறை. நல்ல பரிந்துரைக் கடிதம் ஒன்று அப்படியே நல்ல கட்டுரையின் முதல் வரைவாகிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருப்பதால், விருதுக்குத் தேர்வு பெற்றவரைப் பற்றிப் பரிந்துரைத்தவரையே இதழில் எழுதச் சொல்வது எங்கள் வழக்கம்.

எத்தகைய பணியை விருதுக்கு உரியதாகக் கருதுகிறீர்கள்?

பெரிய பணி என்பதற்காக மட்டும் விருது கிடைக்காது. சிறிய பணி என்பதற்காக விலக்கப்படவும் மாட்டாது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைப் பற்றி நாடே பேசியது. அந்தப் பணியில் ஈடுபட்ட ஒருவரைப் பரிந்துரைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால், கடற்காற்றும் அலைத் தெறிப்பும் ஓயாத இடத்தில் அவர் பொறுப்பேற்றுத் தீர்த்த சிக்கல் எது என்பதைச் சொல்லாமல், பாலத்தின் புகழை மட்டும் சொல்லும் கடிதம் எங்களுக்கு உதவாது.

மறுபுறம், எவரும் படம் எடுக்காத பணிகள் இம்மாவட்டத்தில் ஏராளமாக நடக்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்து புறப்படும் தண்ணீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல், பட்டணங்கால் எனப் பிரிந்து, குளங்களை நிரப்பிக் கடைசி வயல் வரை போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ ஷட்டர்களையும் மடைகளையும் கடக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்று உடைந்து, ஆண்டின் முதல் நெற்பருவமான கன்னிப்பூ நடவுக்கு முன் சரிசெய்யப்பட்டுவிட்டால் அது செய்தியே இல்லை; சரிசெய்யப்படாவிட்டால்தான் செய்தி. 2017 நவம்பர் இறுதியில் ஒகி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டம் இருண்டது. எந்தப் பகுதிக்கு முதலில் மின்சாரம் கொடுப்பது, குடிநீர் நிலையமா மருத்துவமனையா, எந்த உயர் அழுத்தப் பாதையை முதலில் எழுப்பினால் எத்தனை ஊர்கள் பயன்பெறும் என்று வரிசை வகுப்பது பொறியியல் முடிவுதான். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு, பேரிடர் மீட்பு, ஆய்வு ஆகிய அனைத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறோம். எங்கள் தனிப்பட்ட சாய்வைக் கேட்டால் அது பராமரிப்பின் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

மாவட்டத்தில் பிறந்து வெளியூரில் சாதித்தவரைப் பரிந்துரைக்கலாமா?

இந்தக் கேள்வி இங்கே எழுவது இயல்பு. 2003 முதல் 2009 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த ஜி. மாதவன் நாயர் குலசேகரத்தில் பிறந்தவர். 2018 முதல் 2022 வரை அப்பொறுப்பில் இருந்த கே. சிவன் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையைச் சேர்ந்தவர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர், கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர். ஒரு சிறிய மாவட்டத்துக்கு இது பெரும் பெருமை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நாடு ஏற்கெனவே அறிந்து போற்றியவர்களின் பெயர்களையே மீண்டும் அனுப்புவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். அவர்களுக்கு எங்கள் பட்டயத்தால் கூடுவது ஒன்றுமில்லை. விருதைக் கொடுத்து வெளிச்சத்தைத் தேடிக்கொள்வது நாங்களாக இருப்போம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் குமரி மாவட்டத்தவரை, அவரது பணி பிறர் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தால், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மலைக்கு அப்பால் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் சோதனை மேடைகளைப் பராமரிப்பவரும், வளைகுடா நாடுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பணிபுரிபவரும் இதில் அடங்குவர்.

மாவட்டத்தில் பிறக்காதவர்?

பணி இங்கே நடந்திருந்தால் போதும். பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மின்சின் ஐரோப்பியர். திருவிதாங்கூரை ஆண்ட மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கி 1906இல் அணை முடிந்தது. இன்றும் ஊர்க்காரர்கள் மின்சினை 'மூக்கன் துரை' என்றே நினைவுகூர்கிறார்கள். பணிமாற்றத்தில் சில ஆண்டுகள் இங்கு வந்து போன உதவிப் பொறியாளர்களையும் செயற்பொறியாளர்களையும் நாம் மறந்துவிடுவது எளிது. அவர்கள் பெயரை அனுப்புங்கள்.

பொறியியல் பட்டம் இல்லாதவரைப் பரிந்துரைக்க இடமுண்டா?

உண்டு. 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதி பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடி உயரக் கருங்கல் சிலையை, இடுப்பு வளைவோடு, கடலுக்கு நடுவே ஒரு பாறையில் நிறுத்தியதும், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலை 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமியைத் தாங்கி நின்றதும் கட்டமைப்புப் பொறியியலே. நடுவண் அரசு அவருக்கு 2009இல் பத்ம பூஷண் வழங்கியது.

படகு கட்டும் ஆசாரி, விசைப்படகு எஞ்சினைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், மதகைத் தலைமுறையாகக் கவனித்து வரும் பாசனப் பணியாளர், பழைய மர வீடுகளைப் பிரித்து மீண்டும் பொருத்தத் தெரிந்த தச்சர் போன்றோருக்கென ஒரு தனி விருது இருக்கிறது. அதைத் 'தொழில் திறன்' விருது என்று அழைத்தாலும், மதிப்பில் அதை இரண்டாம் படியில் வைக்கவில்லை. மேடையில் முதலில் வழங்கப்படுவது அதுவே.

என்னை நானே பரிந்துரைத்துக் கொள்ளலாமா?

பத்ம விருதுகளுக்கு ஒருவர் தம்மையே பரிந்துரைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. அந்த முறையில் தவறு எதுவும் இல்லை. நாங்கள் அதை ஏற்பதில்லை. காரணம் நாணம் சார்ந்தது அல்ல. தம் பணியைத் தாமே விவரிக்கும்போது, உடன் பணியாற்றியவர்களின் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிறர் சொல்வது போலச் சொல்வது கடினம். உங்கள் பணி கவனிக்கத் தக்கது என்று எண்ணினால், அதை அறிந்த ஒருவரிடம் விவரங்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அல்லது அதையே கட்டுரையாக எழுதி இதழுக்கு அனுப்புங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு விருதுக் குழுவே எழுதியவரின் பெயரை எடுத்துக்கொள்ள விதியில் வழி உண்டு.

பரிந்துரைக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும்?

இதுதான் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. எங்களுக்கு வரும் கடிதங்களின் குறையும் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவை தன்விவரக் குறிப்புகளாக வருகின்றன: படித்த கல்லூரி, வகித்த பதவிகள், கலந்துகொண்ட கருத்தரங்குகள், வாங்கிய பொன்னாடைகள். இவை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு, ஒரே ஒரு பணியை எடுத்துக்கொண்டு, பத்ம விருதுப் பரிந்துரைக்கு உள்ளது போல 800 சொற்களுக்குள் எழுதுங்கள். என்ன சிக்கல் இருந்தது, வழக்கமான தீர்வு எது, அது ஏன் இங்கே பொருந்தவில்லை, பரிந்துரைக்கப்படுபவர் எடுத்த முடிவு எது, அதை அவர் தனியாக எடுத்தாரா, பிறகு என்ன நடந்தது என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். பிறகு என்ன நடந்தது என்பதில், எதிர்பார்த்தபடி நடக்காதவையும் அடங்கும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 'இவர் நேர்மையும் கடின உழைப்பும் மிக்கவர், அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர், மாவட்டத்தின் பாசன வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றியவர்' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். ஆகவே யாரையும் காட்டாது. 'சானலில் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கிவிட்டதால், ஷட்டரை முழுதும் மாற்றும் திட்டத்தை ஒத்திவைத்து, திருகுத் தண்டையும் ரப்பர் அடைப்பையும் மட்டும் மாற்றினார். மீதியைத் தண்ணீர் அடைக்கும் காலத்தில் செய்வதற்கு எழுத்தில் ஒப்புதல் பெற்றார். அந்தக் கன்னிப்பூவில் கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் முறை தவறவில்லை, ஆனால் கசிவு முழுதும் நிற்கவில்லை' என்று எழுதினால், ஒரு மனிதரும் அவருடைய தீர்ப்பும் எங்கள் கண்முன் வந்துவிடுகின்றன. கசிவு நிற்கவில்லை என்ற கடைசித் தொடர் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நாங்கள் இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம்.

சான்றுகளாக வரைபடம், நிழற்படம், பணி நிறைவுச் சான்று, ஆய்வக முடிவு, பயனாளிகளின் கடிதம் ஆகியவற்றில் கிடைப்பவற்றை இணைக்கலாம். இரகசியக் கோப்புகளின் நகல்களை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் படிக்காமல் திருப்பிவிடுவோம்.

ஒரு குழுவாகச் செய்த பணிக்கு யாரைக் குறிப்பிடுவது?

குழுவையே குறிப்பிடுங்கள். நடுவண் அரசு 2024 முதல் வழங்கும் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் விருதுகளில் தனிநபர் பிரிவுகளோடு குழுவுக்கென்றே ஒரு பிரிவு வைக்கப்பட்டிருப்பது காலத்துக்கு ஏற்றது. நெரிசல் மிகுந்த ஊர் நடுவே மேம்பாலம் எழுப்புவது போன்ற பணிகளில் வடிவமைப்பாளர், தள மேலாளர், போக்குவரத்தை மாற்றிவிட்டவர், நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றியவர் எனப் பலரின் பங்கு பின்னிக் கிடக்கும். அதிகபட்சம் ஆறு பேரின் பெயர்களை, அவரவர் பங்கை ஒவ்வொரு வரியில் குறிப்பிட்டு எழுதலாம். உயரதிகாரி என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரை முதலில் போட வேண்டியதில்லை.

பெண் பொறியாளர்களுக்குத் தனி விருது உண்டா?

இல்லை, எல்லா விருதுகளும் அவர்களுக்கும் உரியவை. ஏ. லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவராக வெளிவந்தது 1940களில். இன்று நம் கல்லூரி வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்க, பரிந்துரைகளில் அவர்கள் பெயர் அருகிக் காணப்படுவது பரிந்துரைப்பவர்களின் கவனக்குறைவையே காட்டுகிறது. வடிவமைப்பு அலுவலகத்திலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்திலும் பணிபுரிபவர்கள் தளத்தில் கண்ணுக்குப் படுவதில்லை. அங்கே தேடிப் பாருங்கள்.

மறைந்தவர்களுக்கு விருது வழங்கப்படுமா?

வழங்கப்படாது. அவர்களைப் பற்றி இதழில் எழுதலாம். அதற்குப் பக்கக் கட்டுப்பாடு இல்லை.

நான் அரசு ஊழியர். விருது பெறவும் கட்டுரை எழுதவும் எனக்கு அனுமதி வேண்டுமா?

மாநில அரசுப் பணியில் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். மத்திய அரசுப் பணியாளர்களுக்கு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964 பொருந்தும். மத்திய விதிகளில், முற்றிலும் இலக்கிய, கலை, அறிவியல் தன்மை கொண்ட எழுத்துக்கு முன்அனுமதியிலிருந்து விலக்கு இருக்கிறது என்றாலும், நடந்துகொண்டிருக்கும் பணியைப் பற்றியோ துறையின் முடிவைப் பற்றியோ எழுதும்போது அந்த விலக்கை நம்பி இருப்பது அறிவுடைமை ஆகாது. எனவே எந்த அரசுப் பணியாளராக இருந்தாலும், துறைத் தலைமையின் எழுத்து ஒப்புதலைப் பெற்று இணைக்குமாறு வேண்டுகிறோம். விருதுக்குத் தெரிவானால், ஏற்பதற்கு முன் துறையின் இசைவைக் கேட்டு நாங்களே கடிதம் எழுதுவோம். விண்வெளி, அணுசக்தி, கடற்கரை மணலில் கிடைக்கும் அரிய கனிமங்கள் போன்ற துறைகளில் இருப்பவர்கள் தத்தம் நிறுவனத்தின் வெளியீட்டு ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் அனுப்ப வேண்டாம்.

தேர்வு எப்படி நடக்கிறது? பரிந்துரை செல்வாக்கால் விருது கிடைக்குமா?

ஐவர் கொண்ட குழுவில் மூவர் மாவட்டத்துக்கு வெளியே பணிபுரிபவர்கள். தம்மோடு பணியாற்றியவர், உறவினர், ஒப்பந்தத் தொடர்புள்ளவர் ஆகியோரின் பெயர் வரும்போது குழு உறுப்பினர் அந்த அமர்விலிருந்து எழுந்து செல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பணி நடந்த இடத்துக்குக் குழு நேரில் போகும். நேரில் போகும் வழக்கத்தால் செலவும் அலைச்சலும் கூடுகின்றன. ஆனால் கடிதத்தில் கம்பீரமாக இருந்த தடுப்பணை களத்தில் வேறுவிதமாக இருந்ததைக் கண்டு திரும்பியதும் உண்டு. குழுவினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பரிந்துரையாளரின் மனு அந்த ஆண்டு விலக்கப்படும். தகுதியானவர் இல்லாத பிரிவில் விருது வழங்காமல் விட்டுவிடுவோம்.

விருதில் பணமுடிப்பு உண்டா?

இல்லை. ஒரு பட்டயமும், இதழில் பணியைப் பற்றிய விரிவான கட்டுரையும் உண்டு. மேடையில் பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் கிடையா. மிச்சமாகும் நேரத்தில் விருது பெறுபவர் தம் பணியைப் படங்களோடு இருபது நிமிடம் விளக்குவார்.

இதழுக்கு எதைப் பற்றி எழுதலாம்?

நீங்கள் அருகிலிருந்து அறிந்த எதைப் பற்றியும் எழுதலாம். எங்களுக்கு ஆவலுள்ள சில பொருள்களைச் சொல்கிறோம். இவற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை.

கடற்கரையோரக் கட்டடங்களைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று நெடுநாளாகத் தேவைப்படுகிறது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை வீடுகளும் தேவாலயங்களும் பள்ளிகளும் கடற்காற்றில் நிற்கின்றன. உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டாகிய மேல்மூடி வெடித்து விழுகிறது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரக் கோவையான ஐஎஸ் 456, கடற்கரைச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து, எம்30 வலிமைத் தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மேல்மூடியும் கேட்கிறது; அலைத் தெறிப்பு படும் இடங்களில் அவை எம்35 என்றும் 50 மில்லிமீட்டர் என்றும் உயர்கின்றன. சிறு வீடு கட்டுபவர் இதை எப்படி நடைமுறையில் கொண்டுவருவது, மேல்மூடிக்கான இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் எங்கே கிடைக்கிறது, நல்ல தண்ணீர் இல்லாத கடலோர ஊரில் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங் எப்படிச் செய்வது என்று களத்தில் நின்ற ஒருவர் எழுதினால், அதைத் தனிப் பிரதியாக அச்சிட்டு மேஸ்திரிகளுக்கும் கொடுக்க விரும்புகிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி 1990களில் முப்பந்தல் வட்டாரத்தில் நிறுவப்பட்ட சிறுதிறன் காற்றாலைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிப் பெரிய இயந்திரங்களை நிறுத்தும்போது அடித்தளம், சாலை, மின்பாதை, இடைவெளி என்று எழும் சிக்கல்கள் மின்பொறியாளருக்கும் கட்டுமானப் பொறியாளருக்கும் சேர்ந்து எழுதத் தக்கவை. 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தின் மேல்தளங்களைப் பெயர்த்துத் தள்ளியது. மேலேறி வரும் நீரின் விசையைக் கணக்கில் கொண்டு பாலத் தளத்தைத் தூணோடு பிணைப்பது பற்றி அந்த நிகழ்வை முன்வைத்து எழுதலாம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க 1860இல் தொடங்கப்பட்டு முழுமையடையாமல் போன அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், இன்று தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடப்பதன் நீரியல் விளைவுகள் ஒரு தொடர் கட்டுரைக்கே போதுமானவை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரக் கூரை, கோதையாறு நீர்மின் நிலையங்கள், தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்வது, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவரான தூண்டில் வளைவு ஒரு ஊரைக் காத்து அடுத்த ஊரை அரிப்பது ஆகியனவும் எழுதுவோருக்குக் காத்திருக்கின்றன. தூண்டில் வளைவைப் பற்றி எழுதுபவர் இரண்டு ஊர்களிலும் பேசிவிட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை.

நான் எழுதிப் பழகியவன் அல்லன். எப்படித் தொடங்குவது?

பழகிய எழுத்தாளர்களிடமிருந்து எங்களுக்கு வரும் சிக்கல்கள் வேறு. அவர்கள் பழங்காலப் பெருமையில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில்தான் பணிக்கு வருவார்கள். நீங்கள் நேராகப் பணிக்கு வாருங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலைப் பொறியாளர் ஒருவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது அவரிடம் என்னவெல்லாம் சொல்வீர்களோ அதையே எழுதுங்கள். பேசுவது எளிது என்றால் பதிவுசெய்து அனுப்புங்கள். இதழ்க் குழுவில் உள்ள ஒருவர் அதை எழுத்தாக்கி உங்கள் ஒப்புதலுக்கு அனுப்புவார். 1,000 முதல் 2,500 சொற்கள் வரை இருக்கலாம்.

மொழி பற்றி ஒரு சொல்: தமிழில் எழுதுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கிய பிறகும், அம்மாணவர்கள் படிப்பதற்குக் களப்பணி சார்ந்த எழுத்து போதவில்லை. தளத்தில் ஷட்டர் என்று சொல்வதை ஷட்டர் என்றே எழுதலாம்.

தோல்வியடைந்த பணியைப் பற்றி எழுதலாமா?

கட்டாயம் எழுதலாம், இதழுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். அதற்குச் சில வரம்புகள் உண்டு. நீங்கள் நேரடியாகப் பங்கேற்ற அல்லது முறையாக ஆய்வு செய்த பணியாக இருக்க வேண்டும். தனிநபர், ஒப்பந்த நிறுவனம், அலுவலகம் ஆகியவற்றின் பெயர் வேண்டாம். நீதிமன்றத்திலோ துறை விசாரணையிலோ இருக்கும் பணியைத் தொடவே வேண்டாம். குற்றம் யாருடையது என்பதை விட்டுவிட்டு, மண் ஆய்வில் எது தவறவிடப்பட்டது, கான்கிரீட் இட்ட பிறகு முட்டுக்கால்களை எப்போது பிரித்தார்கள், வடிகால் ஏன் வேலை செய்யவில்லை என்ற காரணகாரியத்தில் நில்லுங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில், ஈரமண்ணில் எழுப்பிய தாங்குசுவர் சரிவது பற்றிய ஒரு நேர்மையான குறிப்பு, பத்துப் பாராட்டுக் கட்டுரைகளைவிடப் பயன் தரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

எழுத்துப் பிழை திருத்தவும், பேச்சை எழுத்தாக்கவும் பயன்படுத்தலாம். கட்டுரையையோ பரிந்துரைக் கடிதத்தையோ முழுதும் அவற்றிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டாம். உங்கள் சானலின் படுகைச் சரிவு அக்கருவிக்குத் தெரியாது. தெரியாததை மறைத்து நயமாக எழுதத் தெரியும். எண்கள் அனைத்துக்கும் எழுதியவரே பொறுப்பு.

வேறிடத்தில் வெளியான கட்டுரை, நிறுவனப் பொருள்களைப் பற்றிய கட்டுரை, மாணவர் கட்டுரை ஆகியவற்றை ஏற்கிறீர்களா?

ஆங்கில ஆய்விதழில் வெளியானதைத் தமிழில் புதிதாக எழுதித் தரலாம். முதல் வெளியீட்டாளரின் இசைவு வேண்டும். ஒரு சிமெண்ட் வகையையோ பூச்சையோ விற்கும் நோக்கில் எழுதியவற்றை ஏற்பதில்லை. அவர்களுக்கு விளம்பரப் பக்கங்கள் உண்டு. மாணவர்கள் தம் இறுதியாண்டுத் திட்டப்பணியை எழுதலாம், ஆனால் பேராசிரியரின் பெயரை முதலில் போடும் பழக்கத்தை இங்கே பின்பற்ற வேண்டாம். செய்தவரின் பெயர் முதலில் வரட்டும். கட்டுரையின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும்.

எப்போது, எப்படி அனுப்ப வேண்டும்?

கட்டுரைகள் ஜூன் 30க்குள்ளும் பரிந்துரைகள் ஜூலை 31க்குள்ளும் வந்துசேர வேண்டும். கட்டுரைகளைத் திருத்தி உங்களுக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டியிருப்பதால்தான் அவற்றுக்கு ஒரு மாதம் முன்னதாகவே நாள் குறித்திருக்கிறோம். ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். கையெழுத்துப் பிரதியை நாகர்கோவிலில் உள்ள மன்ற அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். படங்களைக் கட்டுரைக்குள் ஒட்டாமல் தனிக் கோப்புகளாக, எடுத்தவரின் பெயரோடும் எடுத்த இடத்தோடும் அனுப்ப வேண்டும். பழைய நிழற்படங்களையும் கையால் வரைந்த வரைபடங்களையும் அசலாகக் கொடுப்பவர்களுக்கு ரசீது தரப்படும். ஸ்கேன் செய்தபின் அதே வாரத்தில் திருப்பித் தருவோம்.